ஏலியன் வரிசையில் கடைசி இடம் எதற்கு?

ஏலியன் என்ற விண்வெளித் திகில் பட வரிசையின் ரசிகர்களிடம் எது சிறந்த படம் என்று கேட்டால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். 1979இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படம் என்பார் ஒருவர். 1986இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த ‘ஏலியன்ஸ்’ என்பார் இன்னொருவர். ஒருவர் சொல்வதில் மற்றவருக்குப் பெரிய மனத்தாங்கல் இருக்காது. எது படுமோசம் என்று கேட்டால்தான் சண்டை சூடு பிடிக்கும். ‘ஏலியன் 3’ என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள், இருப்பதிலேயே துணிச்சலான படம் அதுதான் என்று இன்னொருவர் எழுந்து நிற்பார். ‘ப்ரோமீதியஸ்’ பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களும் உண்டு. அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களும் உண்டு. ஒன்பது திரைப்படங்கள், 2025இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடர் என்று நாற்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்ட வரிசையில், அடித்தட்டு இன்னும் முடிவாகவில்லை.

எனக்கும் இதில் அழுத்தமான கருத்து உண்டு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப் போவதில்லை. அதற்கு முன், இந்தச் சண்டை ஏன் தீராமல் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு படங்களும் ரசிகர்களுக்கு வெவ்வேறான இரண்டு செல்வங்களைக் கொடுத்துவிட்டுப் போயின. பின்னால் வந்த படங்களில் பெரும்பாலானவை அவற்றில் ஒன்றையாவது உடைத்தன. எந்தச் செல்வம் யாருக்குப் பெரிதோ, அதை உடைத்த படம் அவருக்கு ஆகாது.

முதல் படம் கொடுத்த செல்வம், புதிர். நாஸ்ட்ரோமோ என்ற இழுவைக் கப்பலில் ஏழு பேர் இருக்கிறார்கள். வீரர்களும் இல்லை, விஞ்ஞானிகளும் இல்லை. போனஸ் பங்கு குறைவாக வருகிறது என்று முணுமுணுக்கும் தொழிலாளர்கள். நிறுவனத்தின் உத்தரவுப்படி அவர்கள் இறங்கும் கிரகத்தில் ஒரு பழைய விண்கலம் கிடக்கிறது. அதற்குள் கல்லாகிப்போன ஒரு பிரம்மாண்டமான ஓட்டுநர், இருக்கையோடு ஒன்றிப்போய், விலா எலும்புகள் உள்ளிருந்து வெளியே வளைந்த நிலையில் செத்துக் கிடக்கிறார். அவர் யார், எங்கிருந்து வந்தார், கலத்தில் கிடக்கும் முட்டைகளை எங்கே கொண்டுபோனார்? படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சுவிட்சர்லாந்து ஓவியர் ஹெச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த உருவத்தை இன்னும் பெரிதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, ஸ்காட் தன் மகன்களையும் இன்னொரு சிறுவனையும் சிறிய விண்வெளி உடைகளில் நிறுத்தித் தூரக் காட்சிகளை எடுத்தார். பக்கத்தில் நிற்பவர்கள் குள்ளமானதால் செத்தவர் மலையானார். இரண்டே நிமிடங்கள் வரும் அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை ரசிகர்கள் கதை கட்டினார்கள். ஜீனோமார்ஃப் என்று இன்று எல்லோரும் அழைக்கும் அந்த மிருகமும் அப்படித்தான். பொலாஜி படேஜோ என்ற மிக உயரமான நைஜீரிய இளைஞரை உடைக்குள் நுழைத்து, முழு உருவம் கண்ணில் பட்டுவிடாதபடி வாலை மட்டும், பல்லை மட்டும், வழவழப்பான தலையை மட்டும் காட்டினார்கள்.

இரண்டாவது படம் கொடுத்தது உறவு. முதல் படத்தில் தப்பிப் பிழைத்து, ஐம்பத்தேழு ஆண்டுகள் உறக்கத்தில் கழித்துத் திரும்பும் ரிப்ளிக்கு உலகத்தில் யாரும் மிச்சமில்லை. அவள் மிருகங்கள் சூறையாடிய ஒரு குடியிருப்பில் உயிரோடு மிஞ்சிய நியூட் என்ற சிறுமியைக் கண்டெடுக்கிறாள். ஹிக்ஸ் என்ற படைவீரன் அவளை மதிப்பாக நடத்துகிறான். கடைசியில் அந்தச் சிறுமி ரிப்ளியை ‘அம்மா’ என்று அழைத்துக் கட்டிக்கொள்ளும்போது திகில் படம் என்பது மறந்துபோகிறது. சிகோர்னி வீவருக்கு அந்த நடிப்புக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இத்தகைய படத்துக்கு அப்படி ஒரு பரிந்துரை வருவது மிகவும் அபூர்வம்.

ஒரு படம் புதிரை உடைத்ததா, உறவை உடைத்ததா என்பதோடு என் கேள்வி நிற்பதில்லை. உடைத்ததற்கு ஈடாக நமக்கு என்ன கொடுத்தது என்றும் கேட்கிறேன். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வரிசை வேறு மாதிரி வருகிறது.

முதலில் ‘ஏலியன் 3’. 1992இல் திரையரங்கில் உட்கார்ந்த ரசிகர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். முன்னோட்டத் துணுக்கு ஒன்று கதை பூமிக்கு வருகிறது என்று ஆசை காட்டியிருந்தது. ஆறு ஆண்டு காத்திருப்பு வேறு. படம் தொடங்குகிறது, பெயர்கள் ஓடி முடிவதற்குள் நியூட் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிட்டாள், ஹிக்ஸ் தாங்குகம்பி உடலை ஊடுருவிச் செத்துவிட்டான். முந்தைய படம் முழுக்க ரிப்ளி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவர்கள், ஒரு வசனம்கூடப் பேசாமல் போய்விட்டார்கள். கேமரூன் அந்த முடிவைப் பகிரங்கமாகவே கண்டித்திருக்கிறார். ரசிகர்களின் கோபம் நியாயமானது. இன்றைக்கும் அந்தக் கோபத்தோடு இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் படம் எப்படி உருவானது என்று தெரிந்தால் கோபம் சற்று இடம் மாறும். வில்லியம் கிப்சன் எழுதிய ஆரம்பத் திரைக்கதையில் ஹிக்ஸும், ‘ஏலியன்ஸ்’ படத்தின் இயந்திர மனிதன் பிஷப்பும்தான் முக்கியப் பாத்திரங்கள். அது கைவிடப்பட்டது. அடுத்தடுத்து எழுத்தாளர்கள் வந்தார்கள், போனார்கள். ரென்னி ஹார்லின் இயக்குவதாக இருந்து விலகினார். நியூசிலாந்து இயக்குநர் வின்சென்ட் வார்ட், மரத்தாலான ஒரு செயற்கைக் கோளில் துறவிகள் வாழ்வதாக விசித்திரமான ஒரு கதையைக் கொண்டுவந்தார். அவரும் விலக, சிறைச்சாலைக் கதையையும் துறவிகள் கதையையும் ஒன்றாகப் பிணைத்தார்கள். துறவிகள் மதத்தைத் தழுவிய கைதிகளானார்கள். இந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஒப்படைக்கப்பட்டவர் டேவிட் ஃபிஞ்சர். அதுவரை இசை வீடியோக்களும் விளம்பரங்களும் எடுத்தவர், வயது முப்பதைத் தொடவில்லை, முதல் திரைப்படம். திரைக்கதை முடியும் முன்பே அரங்குகள் எழுந்துவிட்டன, படப்பிடிப்பும் தொடங்கிவிட்டது. ஸ்டுடியோவோடு நாள்தோறும் மல்லுக்கட்டி, கடைசிப் படத்தொகுப்புக்கு முன்பே அவர் வெளியேறினார். தன்னைவிட அந்தப் படத்தை வெறுப்பவர்கள் யாரும் இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். 2003இல் டிவிடி தொகுப்புக்காக அவருடைய ஆரம்பத் தொகுப்பை ஒட்டி, அரைமணி நேரம் நீளமான ஒரு வடிவத்தைத் தயாரித்தபோதும் அவர் பங்கெடுக்கவில்லை.

அந்த நீண்ட வடிவத்தைப் பார்த்த பிறகு பலர் கட்சி மாறினார்கள். திரையரங்கில் வந்த படத்தில் கோலிக் என்ற கைதி பாதியில் காணாமல் போவான். கைதிகள் உயிரைக் கொடுத்து மிருகத்தை ஒரு கிடங்குக்குள் அடைத்ததும், மனம் பேதலித்த கோலிக் அதன் மேல் கொண்ட பக்தியில் கதவைத் திறந்துவிட்டதும் வெட்டி எறியப்பட்ட பகுதிகளில் இருந்தன. அவை திரும்பியதும், ஒரே மாதிரி மொட்டையடித்த கூட்டமாகத் தெரிந்த கைதிகள் தனித்தனி மனிதர்களாகிவிட்டார்கள்.

இரண்டு வடிவங்களிலும் இருக்கும் ஒரு காட்சிக்காகவே நான் ‘ஏலியன் 3’ பக்கம் நிற்கிறேன். நியூட்டின் உடலைப் பார்க்க வேண்டும் என்கிறாள் ரிப்ளி. சிறுமியின் கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள், வாயைத் திறந்து பார்க்கிறாள். பிறகு சிறைமருத்துவர் கிளெமென்ஸிடம் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்கிறாள். காலரா இருக்கலாம் என்று பொய் சொல்கிறாள். அவர் நம்பவில்லை, ஆனாலும் கத்தியை எடுக்கிறார். கேமரா நியூட்டின் உடலைக் காட்டுவதில்லை. கருவிகள் உரசும் சத்தம், மேசையின் வடிகாலில் ஓடும் கொஞ்சம் ரத்தம், ரிப்ளியின் முகம், இவ்வளவுதான். வேலை முடிந்ததென்று அவர் நிறுத்தப் பார்க்கும்போது மார்பையும் திறக்கச் சொல்கிறாள். உள்ளே எதுவும் இல்லை. குழந்தை மூழ்கித்தான் செத்திருக்கிறது. தன் மகளாக ஏற்றுக்கொண்ட பிள்ளையின் உடலுக்குள் மிருகம் இல்லை என்ற நிம்மதியையும், பிள்ளையே இல்லை என்ற துயரத்தையும் ஒரே நேரத்தில் முகத்தில் தாங்குகிறார் வீவர். இந்த வரிசையில் இதைவிடக் கனமான நடிப்பை நான் பார்த்ததில்லை. படம் உறவை உடைத்தது உண்மை. உடைத்ததை உடைத்ததாகவே உணர வைத்தது. மரணத்தை அற்பமாக நடத்தாமல் அதற்குத் துக்கம் அனுசரித்தது. அந்த ஈடு எனக்குப் போதுமானது.

1997இல் வந்த ‘ஏலியன் ரெசரெக்‌ஷன்’ ஈடு கொடுக்கத் தெரியாமல் தடுமாறியது. முந்தைய படத்தில் உயிர்த்தியாகம் செய்த ரிப்ளியை இருநூறு ஆண்டுகள் கழித்து குளோனிங் மூலம் எழுப்பினார்கள். தியாகமே செல்லாக்காசாகிவிட்டதே என்று கேட்டால், ஆம், ஆகிவிட்டது. பிரெஞ்சு இயக்குநர் ழான்-பியர் ழூனே எடுத்தார், ஜாஸ் வீடன் எழுதினார். எழுதியவர் ஒரு தொனியில் எழுதினார், எடுத்தவர் வேறொரு தொனியில் எடுத்தார். சொற்கள் பெரும்பாலும் தான் எழுதியவைதான், எல்லாவற்றையும் தவறாகச் செய்துவிட்டார்கள் என்ற பொருளில் வீடன் பலமுறை மனம் கசந்து பேசியிருக்கிறார்.

அந்தத் தொனிச் சிக்கலை ஓர் அறைக்குள்ளேயே பார்க்கலாம். கையில் எட்டு என்று பச்சை குத்தப்பட்ட ரிப்ளி, ‘1-7’ என்று எழுதிய கதவைத் திறக்கிறாள். உள்ளே கண்ணாடிக் குடுவைகளில் அவளுக்கு முந்தைய முயற்சிகள்: பாதி மனிதமாகவும் பாதி மிருகமாகவும், பற்கள் இடம் மாறியும், உடல் முறுக்கியும். ஏழாவது இன்னும் உயிரோடு படுக்கையில் கிடக்கிறது. அவளுடைய முகத்தோடு அவளைப் பார்த்து, என்னைக் கொன்றுவிடு என்று கெஞ்சுகிறது. ரிப்ளி அழுதுகொண்டே அந்த அறையை நெருப்பால் எரிக்கிறாள். வரிசையின் மகத்தான காட்சிகளில் ஒன்று. அது மனதில் இறங்குவதற்குள், வாசலில் நிற்கும் ஜோனர் என்ற பாத்திரம், குண்டுகள் வீணாயின என்றும் இது பெண்கள் சமாச்சாரம் போல என்றும் ஒரு நகைச்சுவையை வீசுகிறது. அழ வைத்த படமே அழுகையைக் கலைத்துவிடுகிறது. கடைசியில் வரும் மனித மூக்கும் கண்களும் கொண்ட பிறவியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அந்த ஓர் அறைக்காக ‘ரெசரெக்‌ஷன்’ கடைசி இடத்திலிருந்து தப்பிக்கிறது.

2004இல் வந்த ‘ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்’ பற்றிச் சுருக்கமாகவே பேசலாம். பிரிடேட்டர் என்பது வேறொரு பட வரிசையின் வேற்றுக்கிரக வேட்டைக்காரன். 1990இல் வந்த ‘பிரிடேட்டர் 2’ படத்தின் கோப்பை அலமாரியில் ஓர் ஏலியன் மண்டையோடு வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பே காமிக்ஸ்களில் இரு மிருகங்களும் மோதத் தொடங்கிவிட்டன. பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் அந்த மோதலை அண்டார்டிகா அருகே பனிக்கு அடியில் புதைந்த பிரமிடுக்குள் நடத்தினார். அதுவரை வயது வந்தோருக்கான கடுமையான சான்றிதழோடு வந்த வரிசை, அமெரிக்காவில் முதன்முறையாகப் பதின்ம வயதினரும் பார்க்கும் சான்றிதழோடு வந்தது. ரத்தம் குறைந்தது, பயமும் குறைந்தது. பிரபஞ்சத்தின் மறுகோடியில் இருந்த புதிர், பிரிடேட்டர்கள் வேட்டைப் பயிற்சிக்காகப் பூமியில் வளர்க்கும் விலங்காகச் சுருங்கிவிட்டது. இப்படி ஒரு மோதல் படம் வரிசையின் மதிப்பைக் கொன்றுவிடும் என்று முன்பு எச்சரித்த கேமரூனே, படத்தைப் பார்த்த பிறகு ஐந்து ஏலியன் படங்களில் இதற்கு மூன்றாம் இடம் கொடுப்பேன் என்றார். அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஆனாலும் அந்தப் படத்துக்குத் தான் என்ன செய்ய வந்தோம் என்பது தெரியும். சங்கிலியில் கட்டப்பட்ட ராணியும் சுவர்கள் நகரும் பிரமிடும் ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும்.

அதன் அடுத்த பாகம்தான் என் கணக்கில் கடைசி இடம். 2007 கிறிஸ்துமஸ் அன்று வெளிவந்த ‘ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்: ரெக்வியம்’. காட்சி விளைவுத் துறையிலிருந்து வந்த காலின், கிரெக் ஸ்ட்ரவுஸ் சகோதரர்கள் இயக்கினார்கள். கொலராடோ மாநிலத்தின் கன்னிசன் என்ற சிற்றூருக்கு அருகில் ஒரு பிரிடேட்டர் விண்கலம் விழுகிறது. காட்டில் வேட்டையாட வந்த தந்தையும் சிறுவனும் முதல் பலி. அதற்குப் பிறகு ஊர், மின்வெட்டு, மழை, ஓட்டம்.

இந்தப் படத்தைப் பற்றி ரசிகர்கள் முதலில் சொல்லும் புகார் கதையைப் பற்றியது அல்ல. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான். இரவுக் காட்சிகள் அத்தனை இருட்டு. தொலைக்காட்சியின் வெளிச்சத்தைக் கூட்டினாலும் கறுப்புக்கு மேல் கறுப்பாக எதுவோ நகர்வதுதான் தெரியும். முதல் படமும் இருட்டுதான். அங்கே இருட்டு அளந்து வைக்கப்பட்டிருந்தது: சங்கிலிகள் தொங்கும் அறையில் தண்ணீர் சொட்டும், அந்த ஈரத்தில் ஒளி பட்டு எதுவோ மின்னும், பிரெட் என்ற தொழிலாளி பூனையைத் தேடிக்கொண்டிருப்பான், பின்னால் ஒரு வடிவம் மெதுவாக இறங்கும். எங்கே பார்க்க வேண்டும் என்பது நம் கண்ணுக்குத் தெரியும், பார்க்கத்தான் பயமாக இருக்கும். ‘ரெக்வியம்’ படத்தில் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. பயம் வருவதற்கு முன் எரிச்சல் வந்துவிடுகிறது.

வெளிச்சம் போதுமானதாக இருக்கும் ஒரு காட்சி மருத்துவமனையில் வருகிறது. பிரசவ வார்டில் படுத்திருக்கும் கர்ப்பிணிகளின் வாய் வழியாக, இரு இனங்களும் கலந்த மிருகம் தன் கருக்களைச் செலுத்துகிறது. வயிற்றிலிருந்து பல குட்டிகள் வெடித்து வருகின்றன. திகில் படத்தில் கொடூரம் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் படத்தில் சாப்பாட்டு மேசையில் கேன் என்ற பணியாளின் மார்பு வெடித்ததும் கொடூரம்தான். அதற்கு முன் அவனைப் படுக்கையில் பார்த்துக் கவலைப்பட்டோம். எழுந்து பசியோடு சாப்பிடுவதைப் பார்த்து நிம்மதி அடைந்தோம். அதனால்தான் அந்த அதிர்ச்சி இன்றும் நிற்கிறது. ‘ரெக்வியம்’ படத்தின் கர்ப்பிணிப் பெண்களுக்கு முகமும் இல்லை, கதையும் இல்லை. அவர்கள் நம்மைத் திடுக்கிட வைக்க மட்டுமே படுத்திருக்கிறார்கள். காட்டில் இறக்கும் சிறுவனும் அப்படித்தான். ‘ஏலியன் 3’ நியூட்டுக்காக ஒரு பிரேதப் பரிசோதனையையும் ஓர் ஈமச்சடங்கையும் நடத்தியது. இங்கே அந்தச் சிறுவனுக்காகப் படம் ஒரு நொடியும் நிற்கவில்லை.

சுமார் 4 கோடி டாலரில் எடுத்து 12 கோடிக்கு மேல் வசூலித்த படம் அது. வியாபாரக் கணக்கில் தோல்வி என்று சொல்ல முடியாது. எனக்கு அதுதான் கூடுதல் வருத்தம். ஃபிஞ்சரும் ழூனேயும் எதையோ அடையப் பார்த்துத் தவறினார்கள். இந்தப் படம் எதை அடையப் பார்த்தது என்பதை எத்தனை முறை பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. புதிர் உடைந்தது, மனிதர்களும் கிடைக்கவில்லை, ஈடாக எதுவும் வரவில்லை.

வீடியோ கேம்களையும் கணக்கில் சேர்க்கும் ரசிகர்கள், 2013இல் வந்த ‘ஏலியன்ஸ்: காலோனியல் மெரீன்ஸ்’ விளையாட்டுக்கே கடைசி இடம் என்பார்கள். ஹிக்ஸ் சாகவில்லை என்று கதையைத் திருத்தி ரசிகர்களின் பழைய காயத்துக்கு மருந்து போட வந்தது அது. ஆனால் அதில் மிருகங்கள் சுவரோரம் திகைத்து நின்றன, நேராக ஓடிவந்து செத்தன. அதன் அமைப்புக் கோப்பு ஒன்றில் ‘டெதர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து அதிகமாக விழுந்திருப்பதையும், அதை நீக்கினால் மிருகங்கள் ஓரளவு புத்தியோடு நடந்துகொள்வதையும் ஒரு ரசிகர் கண்டுபிடிக்க, 2018இல் அந்தச் செய்தி எங்கும் பரவியது. எல்லோரும் கைகழுவிய ஒரு விளையாட்டை இத்தனை ஆண்டு கழித்துத் திறந்து வரிவரியாகப் படிக்க ஒருவருக்குத் தோன்றுகிறது என்றால், இந்த வரிசையின் மேல் மக்கள் வைத்திருக்கும் பாசம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். திட்டுபவர்களும் அந்தப் பாசத்தில்தான் திட்டுகிறார்கள்.

இனி ஸ்காட் திரும்பி வந்து எடுத்த இரண்டு படங்கள். இன்றைய வாக்குவாதத்தின் மையம் இவைதான்.

2012இல் ‘ப்ரோமீதியஸ்’ வந்தபோது, செத்துக் கிடந்த அந்த ஓட்டுநர் யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. மனித இனத்தைப் படைத்த வெளிறிய நெடியவர்கள். எலும்பு போலத் தெரிந்தது அவர்கள் அணிந்த உடை. பதிலைக் கேட்டதும் பலருக்கு மனம் விட்டுப்போனது. புதிர் இருந்த அளவுக்குப் பதில் பெரிதாக இல்லை. அதன் மேல் விஞ்ஞானிகளின் நடத்தை வேறு. முன்பின் தெரியாத பாம்பு போன்ற ஓர் உயிரைக் கண்டதும் உயிரியலாளர் செல்லம் கொஞ்சக் கை நீட்டுகிறார். குகையை அளந்து வரைபடம் எடுத்தவரே வழி தவறுகிறார். உருண்டு வரும் கப்பலுக்கு முன்னால் விக்கர்ஸ் பக்கவாட்டில் விலகாமல் நேராகவே ஓடுகிறார். இவை எல்லாமே உண்மையான குறைகள்தான். ஆனால் ஆண்களுக்கென்று அமைக்கப்பட்ட அறுவைச் சிகிச்சைப் பெட்டிக்குள் ஷா என்ற பெண் விஞ்ஞானி தானாகப் படுத்து, தன் வயிற்றைக் கிழிக்கக் கட்டளையிடும் அந்தச் சில நிமிடங்கள் முதல் படத்தின் பக்கத்தில் வைக்கத் தகுந்தவை. மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த டேவிட் என்ற இயந்திர மனிதனும் கிடைத்தான். தன்னைப் படைத்தவர்களை மதிக்காத பணியாள், தங்களைப் படைத்தவர்களைத் தேடிப் போகும் மனிதர்களுக்கு உணவு பரிமாறுகிறான். இந்த வரிசையில் ரிப்ளிக்குப் பிறகு பிறந்த பெரிய பாத்திரம் அவன்தான்.

2017இல் வந்த ‘ஏலியன்: கவனன்ட்’ என்னை மிகவும் வருத்திய படம். ‘ப்ரோமீதியஸ்’ முடிவில் பதில் தேடிப் புறப்பட்ட ஷா, கதைக்கு வெளியிலேயே இறந்துவிட்டாள். டேவிட் அவள் உடலை அறுத்து ஆராய்ச்சி செய்திருக்கிறான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நியூட்டுக்கு நடந்ததே மீண்டும் நடந்தது, துக்கம் மட்டும் இம்முறை இல்லை. அது உறவின் கணக்கு. புதிரின் கணக்கு இன்னும் மோசம்: நமக்குத் தெரிந்த வடிவத்தில் அந்த மிருகத்தை உருவாக்கியவனே டேவிட் என்று படம் உணர்த்தியது. பிரபஞ்சத்தில் மனிதனைப் பொருட்படுத்தாத ஒன்று இருக்கிறது என்ற எண்ணம்தான் முதல் படத்தின் பயம். அந்த ஒன்று கடைசியில் மனிதன் செய்த இயந்திரம் செய்த பொருள் என்றால் பிரபஞ்சமே சின்ன வீடாகிவிடுகிறது.

இவ்வளவு உடைத்தும் ‘கவனன்ட்’ படத்தைக் கடைசியில் போட எனக்கு மனம் வரவில்லை, அதன் கடைசி ஐந்து நிமிடங்களால். நாயகி டேனியல்ஸ் உறக்கப் பெட்டியில் படுத்துவிட்டாள். பக்கத்தில் நிற்பது நல்ல இயந்திர மனிதன் வால்ட்டர் என்று நம்புகிறாள். ஏரிக்கரையில் கட்டப்போகும் மரவீட்டைப் பற்றி அவனிடம் கேட்கிறாள். அது அவளும் வால்ட்டரும் பேசிக்கொண்ட விஷயம். எதிரில் நிற்பவனுக்கு அது தெரியவில்லை, அவன் டேவிட். மூடி இறங்கிவிட்டது, அவளுக்குப் புரிந்துவிட்டது, கத்துகிறாள், மருந்து அவளைத் தூங்க வைக்கிறது. அதை எடுத்தவர் கை இன்னும் நடுங்கவில்லை. ‘ப்ரோமீதியஸ்’ 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, ‘கவனன்ட்’ 24 கோடியோடு நின்றது. டேவிட்டின் கதையை முடிக்க வேண்டிய அடுத்த படம் வரவே இல்லை. பாதியில் நின்ற கதை என்பதாலேயே இந்தப் படத்தின் மீது ரசிகர்களுக்கு இரட்டிப்புக் கோபம். நீல் பிளாம்காம்ப் 2015இல் வரைபடங்களை வெளியிட்டு, ரிப்ளியையும் ஹிக்ஸையும் திரும்பக் கொண்டுவரப் போகிறேன் என்று ஆசை காட்டிய படமும் இதே காலத்தில்தான் கைவிடப்பட்டது. அதை இழந்து இதைப் பெற்றோமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் திட்டம் நின்றதில் வருத்தமில்லை. நியூட்டின் மரணத்தை அழிக்க வேண்டுமென்றால் அந்தப் பிரேதப் பரிசோதனையையும் அழிக்க வேண்டும்.

ஃபெடே ஆல்வரெஸ் இயக்கி 2024இல் வந்த ‘ரோமுலஸ்’ எதையும் உடைக்கவில்லை, எந்தத் துணிச்சலும் எடுக்கவில்லை. எடையற்ற வெளியில் அமில ரத்தம் மிதக்கும் காட்சி அபாரம். முதல் படத்தில் நடித்து 2020இல் காலமான இயான் ஹோமின் முகத்தைக் குடும்பத்தின் ஒப்புதலோடு கணினி வழியாக உயிர்ப்பித்ததும், ‘ஏலியன்ஸ்’ படத்தில் ரிப்ளி ராணியிடம் சீறிய வசனத்தை இன்னொரு வாயில் திணித்ததும் எனக்கு ஒப்பவில்லை. இதையே மிக மோசமான படம் என்று சொல்லும் சிலரை எனக்குப் புரிந்துகொள்ள முடிகிறது, ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக வழக்கில் சேர்ந்தது நோவா ஹாலியின் ‘ஏலியன்: எர்த்’. தாய்லாந்தில் படமாக்கப்பட்டு 2025இல் வந்த எட்டு அத்தியாயத் தொடர். சாகும் நிலையில் இருக்கும் குழந்தைகளின் மனத்தைச் செயற்கை உடல்களுக்குள் மாற்றுகிறது ஒரு நிறுவனம். அவர்களில் முதலில் மாற்றப்பட்ட வெண்டி, ஜீனோமார்ஃபோடு அதன் ஒலியிலேயே பேசி, அதைத் தன் சொல் கேட்க வைக்கிறாள். இதோடு எல்லாம் முடிந்தது, அந்த மிருகம் வளர்ப்புப் பிராணியாகிவிட்டது என்று ரசிகர்களில் ஒரு பாதி கொதித்தது. பட்டப்பகலில் அது புல்தரையில் நடப்பதைப் பார்த்தபோது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதே தொடர், இன்னொரு உயிரின் கண்ணைப் பறித்து அந்தக் குழியில் குடியேறும் பல விழிகள் கொண்ட ஓர் ஜந்துவைக் கொடுத்தது. அது ஓர் ஆட்டின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு ஆய்வகத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராக அளந்து பார்க்கும்போது, என்ன நினைக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கிருந்து வந்தது என்று தொடரும் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் அதற்கு ஒரு விளக்கம் எழுதிவிட வேண்டாம் என்பதுதான் நான் ஹாலியிடம் எதிர்பார்ப்பது.